நிரபராதிப் பல்

அண்ணன் ரொட்டி ஆலையில் இருபத்தாறு வருஷம் அடுப்பு பார்த்தவர். கை சுட்டால் ஏப்ரனில் துடைத்துக்கொண்டு அடுத்த தட்டை இழுப்பார். ஒவ்வொரு ஈடு இறங்கியதும் ஒரு ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்து வலது பக்கம் வைத்துக் கடிப்பார். அந்த 'கறுக்'கைக் கேட்டுத்தான் அடுப்பைக் கூட்டுவதும் குறைப்பதும். இடது பக்கம் கடைவாய்ப் பற்கள் எப்போதோ போய்விட்டன.

அப்பேர்ப்பட்டவர் ஒரு வாரமாகக் குளிர்ந்த தண்ணீர் பாட்டிலும் கையுமாக அலைந்தார். வாயில் ஒரு மடக்கு நிற்கும்வரை வலி இல்லை. அது வெதுவெதுப்பானால் உயிர் போகும். எதைக் கேட்டாலும் 'ம்' மட்டும்தான். கல்யாணமான நாளிலிருந்து எதிர்ப்பேச்சில்லாமல் குடும்பம் நடந்தது இந்த ஒரு வாரம்தான் என்றாள் அண்ணி.

ஏழாம் நாள், புருவத்தில் மாவோடு, தங்கை உதவியாளராக இருந்த பல் மருத்துவமனைக்கு வந்து உட்கார்ந்தார். வலது கீழ்க்கடைசிப் பல்லைத் தொட்டுக்காட்டி, பிடுங்கிவிடச் சொன்னார். எக்ஸ்ரேயில் மேல்பல், கீழ்ப்பல் இரண்டிலும் சொத்தைக்குப் போட்ட ஆழமான பழைய அடைப்பு. டாக்டரம்மா இடுக்கிக்குக் கை நீட்டினார்.

தங்கைக்கு மட்டும் ஒன்று உறுத்தியது. வீட்டில் அண்ணன் தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டு முகத்தைக் கூரைக்குத் தூக்குவார். கீழ்ப்பல் என்றால் தண்ணீர் தானாகவே அங்கே போய் நிற்குமே, எதற்குத் தூக்க வேண்டும்? டாக்டரம்மாவின் காதில் சொன்னாள். அண்ணன் காதிலும் விழுந்துவிட்டது.

"ட்ரே தூக்குறவ எப்ப டாக்டரான? வலிக்கிறது எனக்கு. எதுன்னு எனக்குத் தெரியாதா?"

"உனக்கு வலிதான் தெரியும்ணா, இடம் தெரியாது. வாயத் தொற, அப்புறம் திட்டு."

ரப்பர் விரிப்பில் துளையிட்டு, ஒரு நேரத்தில் ஒரு பல்லை மட்டும் வெளியே விட்டு, அதன்மேல் சுடுநீரைச் சொட்டினார்கள். கீழ்ப்பல்லில் ஒன்றுமில்லை. அண்ணன் கூரையில் ஓடிய பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேல்பல்லில் இரண்டு சொட்டு விழுந்தது. பாதி உடம்பு எழும்பி, கை பாட்டிலைத் தேடியது.

ஊசி போட்டு, வாய் மரத்துப்போகக் காத்திருந்த நேரத்தில் டாக்டரம்மா விளக்கினார். பல்லுக்குள் இருக்கும் நரம்பு நுனிகளில் சூட்டை அறிகிற உணரிகள் உண்டு. மிளகாய்க் காரத்துக்கும் அவையே துடிக்கும். சொத்தை சீண்டினால் அவை வலியைச் சொல்வதோடு நிற்பதில்லை. அந்த நரம்பே சில ரசாயனங்களைக் கசியவிட, ரத்தக்குழாய்கள் விரிந்து வீக்கம் கூடுகிறது. பல்லுக்குள் வீங்க இடமேது? வீக்கம் கூடக்கூட உணரிகளுக்கு ரோஷமும் கூடி, உடம்புச் சூடே வலியாகிவிடும்.

"வேலியே பயிர மேஞ்ச கதை," என்றார் அண்ணன், பாதி மரத்த உதட்டால். "எங்க சூப்பர்வைசரும் அப்படித்தான். சண்டைய விலக்க வருவாரு, அப்புறம்தான் சண்டையே பெருசாகும்."

மேல்பல்லின் நரம்பை எடுத்து வேரை அடைத்தார்கள். எந்தப் பல்லும் பிடுங்கப்படவில்லை. மறுநாள் ஆலையில் மறுபடி 'கறுக்' கேட்டது. அதன்பின் தங்கையைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கீழ்ப்பல்லை விரலால் தட்டி, "நிரபராதி நல்லா இருக்கான்," என்பார்.

பல வருஷம் கழித்து, படுத்த படுக்கையாகிவிட்ட கடைசி மாதத்தில், கரைத்த உணவே போதும் என்று எல்லோரும் சொன்னபோதும் அவர் ரொட்டி ஓரம்தான் கேட்டார். தங்கை பிய்த்துக் கொடுத்தாள். வலது பக்கம் ஒதுக்கி, கண்ணை மூடிக் கடித்தார். சத்தம் வாசல்வரை கேட்டது.

"இந்த ஈட்ட ஒரு நிமிஷம் முன்னாடியே இறக்கியிருக்கணும்," என்றார்.