முந்திக் கொடுத்த நேர்த்திச் சோறு

"நீங்கள் ரெண்டு பேரும் இப்ப பள்ளிக்கூடமோ, கம்பஸோ?"

மரியமலர் அன்ரி இதைக் கேட்டபோது என் கையில் சோற்றுப் பார்சல் சூடாக இருந்தது. கெவெலார் மாதா கோயிலுக்குப் பக்கத்தில், ஹனோவரிலிருந்து எங்களை ஏற்றிவந்த பஸ்ஸின் நிழலில் நின்றோம். ஒவ்வோர் ஆவணியிலும் ஜேர்மனியின் எல்லாப் பக்கமிருந்தும் தமிழர்கள் அங்கே யாத்திரை வருவார்கள். என் பக்கத்தில் நின்ற கிறிஸ்ரினா குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தாள். அது அவிழ்ந்திருக்கவில்லை. உண்மையாகவே எனக்குப் பதில் தெரியாது.

கிறிஸ்ரினாவும் நானும் ஒரே வகுப்பு. எங்கள் கிம்னாசியம் ஓர் அரசாங்கப் பள்ளிக்கூடம். கணிதம் நன்றாக வருகிற சிலரை அது புதன்கிழமைகளில் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும். முதலாம் ஆண்டு மாணவர்களோடு இருந்து ஒரு பாடத்தைக் கேட்கலாம், சோதனையும் எழுதலாம். சித்தியடைந்தால், பிறகு அங்கே படிக்கப் போகும்போது அது கணக்கில் சேரும். சித்தியடையாவிட்டால் ஒருவரும் அதை எங்கும் பதிய மாட்டார்கள். மற்ற நாள்களில் நாங்கள் வழக்கம்போலப் பள்ளிப் பிள்ளைகள்தான். அந்த வருடம் எங்கள் இருவரையும் தெரிவு செய்திருந்தார்கள். வகுப்பு ஐப்பசியில்தான் தொடங்க இருந்தது.

"கம்பஸ்தான் அக்கா! ரெண்டும் கம்பஸ்!"

எங்களுக்காகப் பதில் சொன்னவர் கிறிஸ்ரினாவின் அப்பா, யாகோப்பு மாமா. பார்சல் கொடுத்துக்கொண்டிருந்தவரும் அவர்தான். மன்னார்க்காரர். முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை. வாங்கியதைத் திருப்பிக் கொடுக்காமல் அவரால் இருக்க முடியாது. காலையில் எங்கள் வீட்டில் இடியப்ப உரல் இரவல் வாங்கினால், பின்னேரமே கழுவித் துடைத்து, உள்ளே நாலு ரொபி இனிப்பும் போட்டுக் கொண்டுவந்துவிடுவார். "நாளைக்குத் தந்தால் என்ன அண்ணை?" என்று அம்மா கேட்டால், "நாளைக்கு நான் இருப்பனோ தெரியாது தங்கச்சி" என்று சிரிப்பார்.

மகள் பிறந்தபோதே அவர் ஒரு நேர்த்தி வைத்திருந்தார். பிள்ளைக்குக் கம்பஸ் கிடைத்தால் கெவெலாரில் சனத்துக்குச் சோறு கொடுப்பதென்று. பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியை அவருடைய கையைக் குலுக்கி, "உங்கள் மகள் ஐப்பசியிலிருந்து பல்கலைக்கழகம் போகிறாள்" என்று சொன்னார். அவர் சொன்னதில் பிழையில்லை. ஆனால் மாமா வளர்ந்த இடத்தில் கம்பஸ் என்றால் பல்கலைக்கழகத்துக்கு எடுபடுவது, அல்லது எடுபடாமல் போவது. சும்மா போய் இருந்து கேட்டுவிட்டு வருவது என்று ஒன்று அவருக்குத் தெரியாது.

"புதன்கிழமை மட்டும்தான் அப்பா" என்று கிறிஸ்ரினா சொல்லிப் பார்த்தாள்.

"முதலில புதன்கிழமை விடுவினம். பிறகு எல்லா நாளும் விடுவினம்."

நேர்த்தியை அடுத்த ஆவணிக்குத் தள்ள அவருக்கு மனம் வரவில்லை. மாமி பேர்பெச்சுவாவும் அவரும் விடிய எழும்பிச் சமைத்தார்கள். சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, மீன் பொரியல். ஒவ்வொரு பார்சலையும் நீட்டும்போது, "எங்கட பிள்ளைக்குக் கம்பஸ் கிடைச்சிட்டுது, மாதா தந்தவா" என்றார். படமெடுத்தவர்கள் லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் அனுப்பினார்கள்.

ஐப்பசி வந்தது. பெரிய மண்டபத்தில் பேராசிரியர் பலகையை நிரப்பி நிரப்பி அழித்தார். கிறிஸ்ரினா எல்லாவற்றையும் எழுதினாள். மார்கழியில் நத்தார்ப் பண்டிகை நெருங்கும்போது விளங்காமலே எழுதினாள். எனக்கும் பாதி விளங்கவில்லை. ஆனால் என் பெயரில் ஒருவரும் சோறு தின்றிருக்கவில்லை. மாசியில் சோதனை எழுதினோம். நான் மட்டுமட்டாகத் தப்பினேன். அவள் சித்தியடையவில்லை.

"பரவாயில்லை, இது எங்கும் பதியப்படாது" என்றார் எங்கள் ஆசிரியை, அன்பாக.

ட்ராமில் வரும்போது கிறிஸ்ரினா சொன்னாள்: "கெவெலாரில பதிஞ்சிட்டுதே."

வீட்டில் சொல்ல என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். மாமா வேலை உடுப்பை மடித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, நான் சோதினையில பெயில். இனி அங்க போகேல்ல."

"கலைச்சுப் போட்டாங்களோ?"

"கலைக்கிறதுக்கு நான் அங்க சேரவே இல்லை அப்பா. சும்மா போய் இருந்து கேட்டனான்."

மாமா என்னைப் பார்த்தார். "நீயும் சும்மாவோ?"

"ஓம் மாமா."

"பள்ளிக்கூடம் இருக்குத்தானே, இப்ப என்ன குடி முழுகிப்போச்சுது?" என்றார் மாமி.

"அதில்லையப்பா…" மாமா உடுப்பை வைத்துவிட்டார். "அப்ப நான் மாதாவிட்ட எதுக்கு நன்றி சொன்னனான்?"

அதன்பிறகு தமிழ்ப் பூசைக்கு வந்தால் தூணுக்குப் பின்னால் நிற்பார். தேநீருக்கு முன் போய்விடுவார். வீட்டில் மகளின் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை.

"அப்பாவுக்கு என்னைப் பாக்க வெக்கம்" என்றாள் கிறிஸ்ரினா. "நான் பள்ளிக்கூடத்தை விடப்போறன். அபிடூர்க் கடைசிச் சோதினையும் வேண்டாம். இன்னொருக்கா என்ர பேரில ஆரும் சோறு குடுக்கக் கூடாது." எங்காவது வேலை பழகப் போவதாகச் சொன்னாள். கோடை முழுவதும் நானும் சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

அடுத்த ஆவணியில் மாமா யாத்திரைக்கு வரமாட்டார் என்றே நினைத்தேன். வந்தார். பார்சல் இல்லை. பஸ்ஸில் ஒலிவாங்கியைக் கைமாற்றிச் செபமாலை சொல்வது எங்கள் வழக்கம். அது அவரிடம் வந்தபோது அவர் எழுந்து நின்றார்.

"போன வருசம் நீங்கள் என்ர சோறு சாப்பிட்டனீங்கள்…"

"ஏன் அண்ணை, திருப்பித் தரச் சொல்லுறியளோ?" என்று பின்னாலிருந்து குணசேகரம் அங்கிள் கத்தினார். பஸ் சிரித்தது. மாமா சிரிக்கவில்லை.

"பிள்ளைக்குக் கம்பஸ் கிடைக்கேல்ல. அவள் பள்ளிக்கூடப் பிள்ளைதான். அவள் பொய் சொல்லேல்ல, சொல்லச் சொல்ல நான்தான் கேக்கேல்ல. அவசரப்பட்டு மாதாவையும் பொய்க்காரி ஆக்கிப்போட்டன். பிள்ளையைப் பாக்க எனக்கு முகமில்லை." ஒலிவாங்கியை வாயிலிருந்து எடுத்து, திரும்ப வைத்தார். "நீங்கள் ஆருக்குச் சொன்னனீங்களோ, அவையளுக்கு இதையும் சொல்லிவிடுங்கோ."

கிறிஸ்ரினா சால்வையால் முகத்தை மூடிக்கொண்டாள். கழுத்தெல்லாம் சிவந்திருந்தது. மாமா எந்த மணியில் நிற்கிறோம் என்று தெரியாமல் செபமாலையைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு அவள் எழுந்து போனாள். அவர் கையிலிருந்து ஒலிவாங்கியை வாங்கி, "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கினாள். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. ஆனால் அவள் திரும்பி என் பக்கத்துக்கு வராமல் அவருக்குப் பக்கத்தில் இருந்தாள்.

பள்ளிக்கூடத்தை அவள் விடவில்லை. இந்தக் கோடையில் இருவரும் அபிடூர் முடித்தோம். பல்கலைக்கழகத்துக்கு இனித்தான் விண்ணப்பிக்கப் போகிறாள்.

போன மாதம் பாரிஸில் ஒரு கலியாணவீட்டில் முன்பின் தெரியாத ஒருவர் என்னிடம், "ஹனோவர் யாகோப்பின்ர மகள் சின்ன வயசிலயே கம்பஸாமே, இப்ப டொக்டரோ?" என்று கேட்டார். எனக்கு முகம் சுட்டது. ஆனால் இந்தமுறை பதில் தெரிந்திருந்தது. இருந்து முழுக்கச் சொன்னேன்.

அந்தச் செய்தி எந்தெந்த ஊர்வரை போயிருக்கிறதென்று எனக்குத் தெரியாது. உங்களிடமோ உங்கள் சொந்தக்காரரிடமோ அது வந்திருந்தால், மாமா பஸ்ஸில் கேட்டதையே நானும் கேட்கிறேன்: அவர்களுக்கு இதையும் சொல்லிவிடுங்கள்.