தோபா ஏரியை முதலில் கேட்க வேண்டியவர்

வேலாயுதம் இறந்த செய்தி என்னிடம் வந்தபோது என் கையில் மீன் குழம்பு காய்ந்து போயிருந்தது. இப்படித் தொடங்குவதற்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் ஈப்போ கடைவீதியில் அவரை அறிந்த நீங்கள் எல்லோரும், இத்தனை வருஷக் கூட்டாளி ஏன் நெருப்பு வைத்த பிறகு வந்து நின்றான் என்று கேட்டீர்கள். கேட்காதவர்களும் நினைத்திருப்பீர்கள். ஆகவே அங்கிருந்துதான் சொல்ல வேண்டும்.

சுமத்ராவிலிருந்து வந்த கப்பல் காலையில் என்னைப் பினாங்கில் இறக்கிவிட்டது. நேராக இபுராகிம் ராவுத்தரின் சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். நானும் வேலாயுதமும் துணி எடுக்கப் பினாங்குக்குப் போனால் அங்கேதான் சாப்பிடுவோம். ராவுத்தர் என்னைக் கண்டதும் கல்லாவை விட்டு எழுந்து வந்து, தாமே இலை போட்டு, இடியப்பத்தின் மேல் ஆணம் என்று அவர்கள் சொல்லும் மீன் குழம்பை ஊற்றினார். "முதல்ல சாப்பிடுங்கண்ணே" என்றார். அவருடைய சட்டைப் பையில் ஈப்போவிலிருந்து வந்த தந்தி இருந்தது. தூரத்திலிருந்து வருகிறவனுக்குச் சாவுச் செய்தியை வெறும் வயிற்றில் சொல்லக் கூடாது. சொல்லிவிட்டால் அவன் பிணம் எடுத்துக் குளிக்கும்வரை பல்லில் பச்சைத் தண்ணீர் படாது. இது நம்மவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். ராவுத்தர் அதைத்தான் செய்தார். நான் சாப்பிடும்வரை ஏதாவது பேச வேண்டுமே என்று, "ஏரி எப்படி இருந்துச்சு?" என்று ஒரு வார்த்தை கேட்டார்.

அவ்வளவுதான், நான் பிடித்துக்கொண்டேன். மோட்டார் மலையேறியதிலிருந்து ஆரம்பித்தேன். பக்கத்துப் பலகையில் இருந்தவர்கள் திரும்பி உட்கார்ந்தார்கள். ஆள் சேரச் சேர எனக்கு வாய் நீண்டது. சிரிப்புக் காட்டினேன், கையை விரித்து அகலம் காட்டினேன். ராவுத்தர் நடுநடுவே, "சாப்பிட்டுட்டுப் பேசலாம்ண்ணே, ஆறிப் போவுது" என்றார். ஒரு முறை குரல் உடைந்தே சொன்னார். அதைக்கூட உபசாரம் என்று எடுத்துக்கொண்டேன். இலை காலியாக வெகுநேரம் ஆயிற்று. அதன் பிறகு அவர் தந்தியை எடுத்து என் முன் வைத்துவிட்டு, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

அக்கரைக்குப் படகேறிப் பிறை ஸ்டேஷனுக்குப் போனேன். பிடித்திருக்க வேண்டிய ரயில் போய்விட்டிருந்தது. அடுத்த ரயிலில் வந்து இறங்கி சுடுகாட்டுக்கு ஓடியபோது எல்லோரும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். எனக்காகப் பொழுது சாயும்வரை வைத்துப் பார்த்ததாகச் சொன்னார்கள். ராவுத்தர் மேல் எள்ளளவும் குற்றமில்லை. தாம் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் என்று அவர் பிறகு ஈப்போவுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். சாப்பிடு என்று சொன்ன மனிதரை அழவைத்தவன் நான்.

முகம் பார்க்கக் கிடைக்காதது ஒரு துக்கம். அதைவிடப் பெரிதாக ஒன்று என்னை அரிக்கிறது. அது புரிய எங்கள் இருவருக்கும் இருந்த ஏற்பாடு தெரிய வேண்டும்.

துணிக்கடை எங்கள் இருவருடையது; பின்பக்கம் அவர் குடித்தனம். தோட்டங்களில் சம்பளம் போடும் நாட்களில் சேலைமூட்டையோடு சுங்கை சிப்புட், சிலிம் ரிவர் என்று போய் விற்று வருவோம். ஒருவர் போனால் ஒருவர் கடையில் இருக்க வேண்டும். ஒரு முறை வேலாயுதம் போனவர், சொன்ன நாளில் வரவில்லை. ரயில் ஜன்னலில் இருந்து மலைமேல் வெள்ளைக் கோடாகத் தெரியுமே ஓர் அருவி, அதைப் பார்க்க தாப்பாவில் இறங்கி, தலையில் மூட்டையோடு காட்டுவழியில் போய்விட்டார். அங்கிருந்து ஒரு தோட்டத்துக்கு வந்தபோது லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெண்கள், "எந்தக் கோயிலுக்கண்ணே போய்ட்டு வாரீங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். "கோயில் இல்லக்கா. தண்ணி பாக்கப் போனேன்." "தண்ணியா? எங்க லயத்துல குழாய் ஒழுகுது லா, அதையும் பாத்துட்டுப் போங்க!" என்று ஒருத்தி சொல்ல, அந்த லயமே சிரித்ததாம். இதை என்னிடம் சொல்லிவிட்டு அவரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கோபத்தோடு காத்திருந்த நான், மாலைக்குள், அடுத்த முறை நான் போகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அப்படி வந்ததுதான் முறை. ஓர் ஆற்றுக்கு அவர், ஓர் அருவிக்கு நான். திரும்பி வந்தவர் வேறு யாரிடமும் வாய் திறக்காமல், செருப்பைக்கூடக் கழற்றாமல், பின்கட்டில் துணிமூட்டை மேல் உட்கார்ந்து மற்றவரிடம் சொல்ல வேண்டும். முதல் பேச்சு கடையில் இருந்தவருக்கு. போகாதவருக்கும் அதில் பாதி உண்டு என்பது அவருடைய கணக்கு.

கேட்பதில் அவரைப் போல ஓர் ஆளை நான் பார்த்ததில்லை. "அழகா இருந்துச்சுன்னு சொல்லாத மச்சான். அழகுன்னா எனக்கு என்னன்னு தெரியும்? கால வச்சியே, எந்த விரல் முதல்ல சில்லுனுச்சு?" என்பார். தைப்பிங் மலைக்கு என் முறையில் ஏறி, மேலே மேகம் மூடி, முன்னால் நீட்டிய கை தெரியாமல் இறங்கி வந்தேன். சொல்ல ஒன்றுமில்லை என்றேன். "ஒண்ணும் தெரியலயா? சரி, அந்த ஒண்ணும் தெரியாததைச் சொல்லு" என்று உட்கார வைத்தார். மேகத்தின் வாசனை, சட்டை நனைந்த விதம், பார்க்காத ஓடையின் சத்தம் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று அவர் கேட்கக் கேட்கத்தான் நான் அங்கே போயிருந்ததே எனக்குத் தெரிந்தது.

பெருவெள்ளத்து வருஷம் கிந்தா ஆறு கடைக்குள் புகுந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கீழ்த்தட்டுச் சேலைகள் எல்லாம் சேறாகிப் போயின. நான் மாடியில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். அவர் படிக்கட்டின் நடுவில் நின்று பார்த்துவிட்டு, "இத்தனை நாளா நாம போய்ப் பாத்தோம். இன்னிக்கு அது நம்மளப் பாக்க வந்திருக்கு லா" என்றார். எனக்கு அவரைத் தண்ணீரில் தள்ளிவிடலாம் போல இருந்தது. தண்ணீர் வடிந்ததும் நாள் முழுக்கச் சேறு வாரியவரும் அவர்தான்.

தோபா ஏரியைப் பற்றி, சுமத்ராவில் மேடானில் வியாபாரம் செய்யும் ஒருவர் கடைக்கு வந்தபோது சொன்னார். மலைக்கு மேலே கடல் மாதிரி ஓர் ஏரி, நடுவில் ஒரு தீவு, தீவிலே ஊர்கள். அன்று முதல் வேலாயுதத்துக்கு வேறு நினைப்பில்லை. முறையும் அவருடையது. ஆனால் கால் வீங்கி, படி ஏறினால் மூச்சு வாங்கத் தொடங்கியது. டாக்டர் மலையேறவே கூடாது என்றுவிட்டார். தள்ளிப் போடலாம் என்றேன். "என் முறைய நீ எடுத்துக்க மச்சான். நல்லாப் பாத்துட்டு வா. நான் எங்க போயிடப் போறேன், இங்கதான் இருக்கேன்" என்றார். மறுப்பது போல மறுத்தேன். உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை இப்போது நினைக்கக் கூசுகிறது.

திரும்ப வேண்டிய நாளில், மேடானுக்கு இறங்கும் மோட்டாரில் எனக்கு இடம் வைத்திருந்தார்கள். காலையில் ஏரிமேல் காற்று நின்றது. நான் வரவில்லை, நீங்கள் போங்கள் என்று அனுப்பிவிட்டேன். வேலாயுதம் துருவித் துருவிக் கேட்பாரே, அவருக்காக இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று மனசுக்குச் சமாதானம் சொன்னேன். அவருக்காக ஒன்றுமில்லை. எனக்கு எழுந்து வர மனசில்லை. அந்த மோட்டாரில் இறங்கியிருந்தால் முந்தைய கப்பலைப் பிடித்திருப்பேன். அவர் கண் மூடுவதற்கு முன் மூட்டை மேல் உட்கார்ந்திருப்பேன்.

கடைசி நாட்களில் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் தலையைத் தூக்கிப் பார்த்தாராம். அவருக்குப் போய்ச் சேர வேண்டிய முதல் பேச்சைப் பினாங்கில் முன்பின் தெரியாதவர்கள் நடுவே சிரிக்கச் சிரிக்கப் பேசித் தீர்த்துவிட்டேன். அதுவும், அவர் பிணமாகக் கிடந்து எனக்காகக் காத்திருந்த நேரத்தில்.

கருமாதி முடிந்த மறுநாள் அவர் மனைவி பொன்னம்மாளிடம் போய் இதையெல்லாம் சொன்னேன். என்னை அண்ணன் என்று கூப்பிடுகிறவள். திட்டினால் தேவலை என்றிருந்தது. "அவருக்குச் சொல்ல முடியாமப் போச்சு தங்கச்சி. உனக்காவது அந்த ஏரியைச் சொல்றேன்" என்றேன்.

"வேணாம்ண்ணே" என்றாள். "நீங்க ரெண்டு பேரும் மூட்டை மேல உக்காந்து பேசறப்பல்லாம் நான் சுவத்துக்கு அந்தப் பக்கம் அடுப்புக்கிட்டதான் இருப்பேன். அருவியக் கேட்டிருக்கேன், ஆத்தக் கேட்டிருக்கேன், தைப்பிங் மலை மேகத்தக்கூடக் கேட்டிருக்கேன். கண்ணால பாத்தது இந்தக் கிந்தா ஆறுதான். அதுவும் அது வீட்டுக்குள்ள வந்தப்ப."

நான் அந்தச் சுவரைத் திரும்பிப் பார்த்தேன்.

"அவரு முறைய உங்களுக்குக் கொடுத்தாரு. அவர விட்டுட்டு நான் போயிருக்க மாட்டேன், அது வேற. ஆனா நீ போறியான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? அவருக்கும் தோணல. உங்களுக்கும் தோணல."

கண்ணைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தாள். "ஒரு வருஷம் கழிச்சுத் தலைத்திவசம் முடியட்டும். சுங்கை சிப்புட்ல இருக்கற எங்கண்ணன் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிருக்கு. நான் அந்த ஏரியப் பாக்கப் போறேன். அதனால நீங்க அதப் பத்தி ஒண்ணும் சொல்லிடாதீங்க."

ஆகவே தோபா ஏரி எப்படி இருந்தது என்று இதில் நான் எழுதவில்லை. இனி யார் கேட்டாலும் சொல்லப் போவதும் இல்லை. தாலி அறுத்தவள் கப்பலேறித் தண்ணீர் பார்க்கப் போகிறாளாம் என்று கடைவீதியில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவீர்கள். பேசுவதற்கு முன், அவரை அறிந்தவர்கள் என்ற முறையில், அவர் அவளிடம் கேட்க மறந்ததை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். இத்தனை நுணுக்கமாகக் கேட்கத் தெரிந்த மனிதர் அந்த ஒன்றை மட்டும் கேட்காமல் போய்விட்டார். இனி அவர் கேட்க முடியாது. அந்தக் குறையையும் சேர்த்து நான்தான் சுமக்க வேண்டும்.

அவருடையது என்று நான் வைத்துக்கொண்டிருப்பது பின்கட்டில் கேட்கிறவர் உட்காரும் அந்த இடத்தை மட்டும்தான். நீ போகும்போது கடையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பொன்னம்மாளிடம் சொல்லியிருக்கிறேன். திரும்பி வந்தால் முதல் பேச்சு எனக்கு என்று கேட்க வாய் வரவில்லை. அவளேதான், "வந்து உங்ககிட்டதான்ண்ணே சொல்லணும், வேற யாரு இருக்கா" என்றாள். எனக்குப் பேசத்தான் தெரியும். வாயை மூடிக்கொண்டு கேட்கக் கற்றுக்கொள்ள ஒரு வருஷம் இருக்கிறது.