டாக்டர் இக்லால் எண்ணிய இழுப்புகள்

பதினோரு வருஷமாக எனக்கு டாக்டரம்மா இக்லால் மேல் ஒரு கோபம் உண்டு. நான் சொன்ன உண்மைக்குப் பக்கத்தில் அவர் ‘நம்பும்படி இல்லை’ என்று எழுதினார். நாலு பேர் பார்க்க எழுதினார். அந்தக் காகிதம் இன்னும் அவருடைய ஆபீஸ் அலமாரியில் என் பெயரோடு கிடக்கிறது. இன்றைக்கு நான் வாயைத் திறந்து சாப்பிடுகிறேன், சண்டை போடுகிறேன் என்றால் அதுவும் அவரால்தான். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆனாலும் கோபம் கோபம்தான்.

தமன்ஹூர் ரயில் நிலையத்துக்கு எதிரே பஸ்யூனி ஹாஜியாரின் காப்பிக்கடையில் நான் ஷீஷாக்காரன், அதாவது ஹூக்கா பற்றவைத்துக் கொடுக்கிறவன். மண் கிண்ணத்தில் புகையிலையை வைத்து, மேலே நெருப்புக் கங்குகளை அடுக்கி, குழாயை வாயில் வைத்து நாலைந்து தரம் இழுத்து, புகை திரண்டு வந்ததும் குழாய் நுனியைத் துடைத்து வாடிக்கையாளர் கையில் கொடுக்க வேண்டும். பற்றாத ஷீஷாவைக் கொடுப்பது ஆறிப்போன டீயைக் கொடுப்பது மாதிரி. மூஞ்சியில் விட்டெறிவார்கள்.

நான் ஒரு சிகரெட் தொட்டவனில்லை. அப்பா இருமி இருமியே செத்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவன். நஜாஃபாவைப் பெண் கேட்டுப் போனபோது அவள் அண்ணன் கேட்ட முதல் கேள்வி, “மாப்பிள்ளை புகைப்பாரா?” என்பதுதான். இல்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். எனக்குப் பெருமைப்பட்டுக்கொள்ள வேறு எதுவும் பெரிதாக இருந்ததில்லை.

ஒருநாள் அஸர் தொழுகை முடிந்த நேரத்தில் டாக்டர் இக்லால் கடைக்குள் வந்தார். கனத்த உடம்பு, முழங்கால் வலி, பழுப்புநிறத் தோல்பை. ஆண்கள் மட்டும் உட்காரும் கடையில் ஒரு பெண்மணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும் டோமினோ ஆடிக்கொண்டிருந்தவர்கள்கூடக் காலை மடக்கிக்கொண்டார்கள். யார் யார் புகைக்கிறார்கள், எவ்வளவு, எப்போது ஆரம்பித்தார்கள் என்று ஊர் ஊராகக் கேட்டு எழுதுகிற ஆராய்ச்சியாம். புற்றுநோய் வருவதற்கு முன்னாலேயே ஆளைப் பிடிப்பதற்காகவாம்.

என் முறை வந்தது.

“உஸ்தா மெத்வல்லி, புகைப்பீங்களா?”

“இல்ல.”

“எப்பவாவது?”

“ஆயுசுல இல்ல. அல்லா மேல ஆணை.”

“ஷீஷா?”

“நான் குடுக்கறவன் டாக்டரம்மா. குடிக்கறவன் இல்ல.”

சரி என்று, மூச்சில் எவ்வளவு புகை என்று காட்டும் ஒரு சின்ன மிஷினை நீட்டினார். மூச்சை அடக்கி ஊதச் சொன்னார். ஊதினேன். முப்பத்தொன்று என்று காட்டிச் சிவப்பு விளக்கு எரிந்தது. தினம் ஐந்து ஷீஷா இழுக்கிற ஹாஜியாருக்கே இருபத்திரண்டுதான் வந்திருந்தது.

“டேய் மெத்வல்லி! பொண்டாட்டிக்குத் தெரியாம எந்தக் கக்கூஸுல நின்னு ஊதற?” என்றார் ஹாஜியார். கடையே சிரித்தது. டாக்டர் சிரிக்கவில்லை. குனிந்து எழுதினார். நான் நாலாவது வரைக்கும் படித்தவன், தலைகீழாக இருந்தாலும் படிப்பேன். நம்பும்படி இல்லை.

இருட்டுவதற்குள் சேதி வீட்டுக்குப் போய்விட்டது. நஜாஃபா என் சட்டையை மோந்து பார்த்தாள்.

“இத்தனை வருஷமா இந்த நாத்தம் கடையோடதுன்னு நம்பினேனே. நான் ஒரு கழுதை.”

ஒரு வாரத்துக்கு ரொட்டியும் உப்புப் பாலாடைக்கட்டியும்தான் தட்டில் விழுந்தன. பேச்சே இல்லை.

மறுநாளும் டாக்டர் வந்தார். மூலையில் உட்கார்ந்து புதினா டீ வாங்கிக்கொண்டார். மடியில் கைக்குட்டையை விரித்து, முலாம்பழ விதைகளைக் கொட்டி வைத்திருந்தார். கொறிக்கிறார் என்று நினைத்தேன். நான் அந்தப் பக்கமே திரும்பவில்லை. கடை சாத்தும் முன் அவரே என்னிடம் வந்தார். கைக்குட்டையில் விதைகள் இரண்டு குவியலாக இருந்தன.

“நீங்க ஒரு இழுப்பு இழுக்கறப்ப நான் ஒரு விதையை இந்தப் பக்கம் தள்ளினேன். இருநூத்தி எண்பத்தேழு. அறுபத்தி நாலு ஷீஷா. இந்தக் கடையில யாரும் உங்க அளவுக்கு இழுக்கல, உஸ்தா.”

“அது வேலை டாக்டரம்மா. அது புகைக்கறது ஆகுமா?”

“ஆகாதுன்னு நீங்களும் நினைச்சீங்க, உங்களைக் கேட்ட நானும் நினைச்சேன். நீங்க பொய் சொல்லல. என் கேள்விதான் தப்பு.”

“அப்ப அந்தக் காகிதத்துல எழுதினதை அழிங்க.”

“அழிக்க மாட்டேன். நான் தப்பு பண்ணினதும் அதுல இருக்கணும். புதுசா ஒண்ணு எழுதறேன்.”

இதுதான் அவர் குணம். அதற்குள் நாற்பத்தாறு காப்பிக்கடைகளில் ஷீஷாக்காரர்களைக் கேட்டு முடித்திருந்தார். நாற்பத்தாறு பேரும் ‘இல்லை’ என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். வேறு யாராவது என்றால் விட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார்கள். அவர் அந்த முழங்காலோடு நாற்பத்தாறு கடைகளுக்கும் திரும்பப் போனார். ‘புகைப்பீங்களா’ என்று கேட்காமல், ‘ஒரு நாளைக்கு எத்தனை ஷீஷா பத்தவெச்சுக் குடுப்பீங்க’ என்று கேட்டார். போதிப்பதெல்லாம் அவருக்கு வராது. மாணவியாக இருந்தபோது பன்னிரண்டு வருஷம் சிகரெட் பிடித்தவராம். விட்டதும் உடம்பு ஊதிவிட்டதாம். “அந்தப் பன்னெண்டு வருஷமும் இங்கதான் உக்காந்திருக்கு” என்று வயிற்றைத் தட்டிக்காட்டுவார்.

அன்று டார்ச் அடித்து என் வாய்க்குள் பார்த்தார். இடது கன்னத்தின் உட்பக்கம் பார்த்ததும் டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுவந்தார். வெள்ளையாக ஒரு திட்டு. எனக்கு அது தெரியும். சூடான டீ பட்டது என்று நினைத்திருந்தேன்.

“செவ்வாய்க்கிழமை அரசு ஆஸ்பத்திரிக்கு வாங்க.”

நான் போகவில்லை. மூன்று செவ்வாய் போகவில்லை. பயம்தான், வேறென்ன. நாலாவது செவ்வாய் நஜாஃபா அங்கியைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். டாக்டர் அவளுக்கே போன் போட்டிருக்கிறார். நான் பொய் சொல்லவில்லை என்பதையும் அவர்தான் அவளிடம் சொல்லியிருக்கிறார். “கிளம்பு மனுஷா. அந்தம்மா உன்னை யோக்கியன்னு சொல்லுது. அது வாயாலயே இன்னொரு தடவை கேக்கணும் எனக்கு” என்றாள்.

துணுக்கு வெட்டி எடுத்துப் பார்த்தார்கள். புற்று இல்லை. ஆனால் அந்த வழியில் கிளம்பிவிட்டது என்றார்கள். இனி ஒரு இழுப்புகூடக் கூடாது. நிறுத்தினால் திரும்பும், நிறுத்தாவிட்டால் கன்னம் போகும், அப்புறம் தாடை.

“இழுக்காத ஷீஷாக்காரனை வெச்சு நான் என்னடா பண்ண? ஆட்டமாடாத ஆட்டக்காரியா?” என்றார் ஹாஜியார். கெட்ட மனிதரில்லை. கடை நடக்க வேண்டுமே. எனக்கு வேறு தொழிலும் தெரியாது.

பக்கத்து மண்ணெண்ணெய்க் கடையில் பீப்பாயிலிருந்து எண்ணெய் உறிஞ்சி எடுக்க ரப்பர் குமிழ் ஒன்று வைத்திருப்பார்கள். அமுக்கி விட்டால் உறிஞ்சும். அதேபோல் புதிதாக ஒன்று வாங்கி ஷீஷாக் குழாயில் மாட்டிப் பார்த்தேன். இருபது அமுக்கில் கங்கு சிவந்தது. புகை வந்தது. கடையில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“டேய், மெத்வல்லி ஷீஷாவுல பால் கறக்கறான்டா!”

“எனக்கு ஒரு லிட்டர் ஊத்துப்பா!”

ஹாஜியார் மட்டும் சிரிக்கவில்லை. “வாயால பத்தவெச்ச ருசி இதுல வராது. வாடிக்கையை ஓட்டிடுவ. இந்த மாசத்தோட கணக்க முடிச்சுக்க” என்றார்.

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அடுத்த நாள் மத்தியானம் வந்து ஹாஜியார் எதிரே உட்கார்ந்தார்.

“ஹாஜியார், இன்னிக்கும் அஞ்சு ஷீஷா குடிக்கத்தானே போறீங்க?”

“குடிப்பேன். உங்க பேச்சைக் கேட்டு விடமாட்டேன்.”

“விடச் சொல்ல இன்னொரு நாள் வர்றேன். இன்னிக்குக் குடிங்க, ஆனா எனக்காகக் குடிங்க. சிலது வாயால பத்தவெச்சது, சிலது குமிழால. எது எதுன்னு சொல்லணும். கண்டுபிடிச்சிட்டா நான் வாயே திறக்க மாட்டேன்.”

வாயால் பற்றவைக்க அடுத்த கடை ஷீஷாக்காரனை உள்ளறையில் உட்காரவைத்தார். எது எப்படி என்று அவர் மட்டும் குறித்துக்கொண்டார். “ஒரு மனுஷனைப் புகைக்கவெச்சு, இன்னொருத்தனை இழுக்கவெச்சு எண்ணிட்டிருக்கேன், ஆண்டவன் மன்னிக்கட்டும்” என்று முனகியது என் காதில் விழுந்தது. ஹாஜியார் ஒவ்வொன்றாக இழுத்து, கண்ணை மூடி யோசித்து, பெரிய நீதிபதி மாதிரித் தீர்ப்புச் சொன்னார். ஐந்தில் நாலு தப்பு. ‘ஆஹா, இதுதான் மெத்வல்லி கைப்பக்குவம்’ என்று அவர் கொண்டாடியது குமிழால் பற்றவைத்தது.

ஹாஜியார் குழாயைக் கீழே வைத்தார். பிறகு, “டேய், இன்னும் ரெண்டு குமிழு வாங்கிட்டு வா” என்றார்.

ஒன்றரை வருஷத்தில் அந்தத் திட்டு மங்கி, பிறகு மறைந்துவிட்டது. வருஷத்துக்கு ஒருதரம் டார்ச் அடித்துப் பார்ப்பார். ஒன்றும் இல்லை என்றதும் முதுகில் ஓங்கி ஒன்று வைப்பார். வலிக்கும். குமிழைப் பற்றி ஏதோ கூட்டத்தில் பேசியபோதும், கண்டுபிடித்தது நான்தான் என்று என் பெயரைச் சொன்னாராம்.

போன குளிர்காலத்தில் அவருக்கு இதயம் தளர்ந்துவிட்டது. நஜாஃபாவும் நானும் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனோம். தலையணையில் சாய்ந்திருந்தார். மூச்சு வாங்கியது. நலம் விசாரிக்க வந்த எங்களை விசாரிக்கவே விடவில்லை.

“மெத்வல்லி, கால்வாய்ப் பாலத்துக் கடை ஷீஷாக்காரன் அப்துல் கஃப்பார் தெரியுமா?”

“தெரியும் டாக்டரம்மா. முரடன்.”

“உன்னைவிடவா? அவன் நாக்கு ஓரத்துல திட்டு இருக்கு. ரெண்டு மாசமா கூப்பிடறேன், வரமாட்டேங்கறான். நான் சொன்னா பயமுறுத்தறேன்னு நினைக்கறான். நீ போ. ஒண்ணும் பேசாதே. உன் வாயைத் திறந்து காட்டு. அப்புறம் கையைப் பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வா. செவ்வாய்க்கிழமை.”