மேலே வராத ஆக்சிலேட்டர்

விடிகாலை ஐந்தரைக்குப் போன் வந்தது. அண்ணனின் ஜீப் தோப்புக் கிணற்றுக்குள் விழுந்துவிட்டது என்றார்கள். அவரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

அண்ணன் அரங்கசாமிக்குக் காங்கேயத்தில் சின்னதாக ஒரு தேங்காய் எண்ணெய் மில். அந்த எண்ணெயை மிஞ்சியது உலகத்தில் இல்லை அவருக்கு. கதவுக் கீல், அண்ணி ரங்கம்மாளின் தையல் மிஷின், கன்றுக்குட்டியின் புண், எல்லாவற்றுக்கும் அதுதான். ராணுவ ஏலத்தில் எடுத்த பழைய ஜீப்பில் தோப்புக்கும் மில்லுக்கும் அலைவார். ரோடு இல்லாத இடத்தில் ஓட்டத்தான் அவருக்குப் பிடிக்கும்.

தொண்ணூற்றாறு கார்த்திகைக் கடைசியில் ஆக்சிலேட்டர் ஒட்ட ஆரம்பித்தது. மிதித்த காலை எடுத்தாலும் பெடல் மேலே வராது, வண்டி சீறிக்கொண்டே போகும். ஒருமுறை வரப்பில் மோதித்தான் நின்றது. ஆனால் மில் வேலை முடித்து உச்சி வெயிலில் மெக்கானிக் ரசாக்கின் பட்டறைக்குக் கொண்டுபோனால் எந்தக் குறையும் தெரியாது. ரசாக் ஸ்பிரிங்கை மாற்றினார், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். மறுநாள் விடியலில் மறுபடி ஒட்டியது. அண்ணி வண்டிக்கு எலுமிச்சம்பழம் கட்டினார்.

கடைசியில் ரசாக் ஜீப்பை ஓர் இரவு பட்டறையிலேயே விட்டுப் போகச் சொன்னார். காலைக் குளிரிலேயே ஆக்சிலேட்டர் கேபிளை உருவிப் பார்த்தார். வெள்ளையாக, மெழுகு மாதிரி அப்பியிருந்தது.

"ஏனுங்க, இதுக்குள்ள என்னத்த ஊத்துனீங்க?"

"நம்ம மில்லு எண்ணெய்தானுங்க."

"தலைக்கு வெக்கிற எண்ணெயே மார்கழில பாட்டல உட்டு எறங்க மாட்டேங்குது. கேபிள்ல மட்டும் எறங்குமுங்களா?"

அண்ணன் சிரித்தாராம். மண்ணெண்ணெயில் அலசியும் கேபிள் உறைக்குள் இருந்தது முழுசாகப் போகவில்லை. புதுக் கேபிள் கோயம்புத்தூரிலிருந்து வரவேண்டும். அதுவரை வெயில் ஏறாமல் வண்டியை எடுக்கக் கூடாது என்று ரசாக் சொன்னதற்கு அண்ணனும் தலையாட்டினார்.

அடுத்த விடியலில் தூறல் போட்டது. தோப்புக் களத்தில் கொப்பரை காயப்போட்டிருந்தது. நனைந்தால் பூசணம் பிடிக்கும், எண்ணெய் கெட்டுவிடும். தார்ப்பாயை ஜீப்பின் பின்னால் போட்டுக்கொண்டு கிளம்பினார். வண்டியை எடுக்க வேண்டாம் என்று அண்ணி வாசலில் மறித்தார்.

"அஞ்சே நிமிசம் அம்மணி. மூடிப்போட்டு வாரேன்."

தோப்புக்குள் வண்டி திரும்பும் இடத்தில், கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு. அங்கே வந்தால் எல்லோரும் வேகத்தைக் குறைப்பார்கள். அவரும் பெடலிலிருந்து காலை எடுத்திருப்பார்.

அண்ணனின் உடலை முதலில் எடுத்தார்கள். மத்தியானம் கிரேன் வைத்து ஜீப்பைத் தூக்கினார்கள். தார்ப்பாய் மடித்தது மடித்தபடியே மேலே வந்தது. தூறல் சாயங்காலம்வரை விடவில்லை. களத்துக் கொப்பரையை யாரும் மூடவில்லை.