லேத்தின் மேல் ஒரு பிளேன்ரீ

நெடுங்கேணியில் ஒரு மாட்டுக் கொட்டிலுக்குள் ஒரு மனிதரைச் சந்தித்தேன். பழைய இரும்புக் கடையில் நான் தட்டிப் பார்த்து, உதவாது என்று விட்டுவந்த, இரும்பைச் சுழற்றிச் செதுக்கும் பெரிய லேத் மெசினை அவர் வாங்கி, துருவைச் சுரண்டி ஓட வைத்திருந்தார்.

எண்ணெய் விட்ட கையை ஒவ்வொரு முறையும் தன் தலையிலேயே துடைத்தார். முடி மினுங்கியது.

ஓடுகிற மெசினின் மேல் எனக்கு வந்த பால் விடாத தேநீரை, பிளேன்ரீயை, வைத்தார். அதில் சிறு நெளிவுகூட இல்லை. புளியங்குளத்தில் என் புது லேத் ஓடினால் சுவரே அதிரும். எனக்கு வயிறு எரிந்தது.

“அண்ணை என்ன தொழில் செய்யிறியள்?” என்று கேட்டார்.

“கடை வைச்சிருக்கிறன்.”

லேத் கடை என்று சொல்ல வாய் வரவில்லை.

அவர் மாட்டைப் பார்க்கத் திரும்பியபோது மெசினை முழங்கையால் ஓங்கி இடித்தேன். தேநீர் ஆடவில்லை. முழங்கை இன்னும் நோகிறது.