எல்லாரும் வேண்டிக்கிடுங்க

1. கேஷுவாலிட்டி

கேஷுவாலிட்டியிலிருந்து போன் வந்தபோது நான் கேஸ் ஷீட்டுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். "அண்ணே, உங்க பாப்பாவக் கொண்டு வந்திருக்காங்க. பதறாம வாங்க" என்றார் டூட்டி சிஸ்டர். படியில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது.

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவுக்குப் பொறுப்பாளராக இருக்கிறேன். நோயாளி வீட்டுக்குப் போனபின் அவருடைய கேஸ் ஷீட் எங்களிடம் வரும். டாக்டர் கையெழுத்து விட்டுப்போயிருந்தால் கேட்டு வாங்குவோம், நோய்க்கு உரிய குறியீட்டு எண் போடுவோம், ரேக்கில் வைப்போம். கேட்கிறவருக்கெல்லாம் எடுத்துக் கொடுக்க மாட்டோம். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களை நினைத்து இதை எழுதுகிறேன்.

மகள் நிவேதா கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. அன்று ஸ்டடி லீவு. பழங்காநத்தம் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்திருக்கிறாள். கை கால் வெட்டி இழுத்திருக்கிறது, வாயில் நுரை. என் மனைவி அவளை ஆட்டோவில் போட்டு நான் வேலை பார்க்கும் இடத்துக்கே கொண்டு வந்துவிட்டாள். நம்ம ஆட்கள் இருக்கிறார்கள் என்ற தைரியம்.

ஸ்கேன், இ.இ.ஜி. எல்லாம் பார்த்துவிட்டு நியூரோ டாக்டர் வலிப்பு நோய் என்றார். மாத்திரையை ஒரு வேளைகூட விடாமல் சாப்பிட்டால் படிக்கலாம், வேலைக்குப் போகலாம் என்றார். நிவேதா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"இது காலேஜுல தெரியணுமா டாக்டர்?"

"கூடவே இருக்கிற ஒரு ஃப்ரெண்டுகிட்ட மட்டும் சொல்லி வைம்மா. யாருன்னு நீயே முடிவு பண்ணிக்க."

அவள் தலையாட்டினாள். யாரிடம் சொல்வது என்று அப்போதே யோசிக்கத் தொடங்கிவிட்டாள் என்று முகத்தைப் பார்த்தே தெரிந்தது.

2. குரூப்

மறுநாள் வார்டுக்கு ஆள் வந்தபடியே இருந்தது. லேபிலிருந்து, பார்மசியிலிருந்து, கேன்டீனிலிருந்துகூட. ஆப்பிளும் ஹார்லிக்ஸும் கட்டிலுக்கடியில் சேர்ந்தன. எப்படித் தெரிந்தது என்று என் போனைத் திறந்து பார்த்தேன். ஊழியர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் ஃப்ரன்ட் ஆபீஸ் முத்துலட்சுமி போட்டிருந்தார். 'ரெக்கார்ட்ஸ் அண்ணன் மகளுக்கு ஃபிட்ஸ் வந்து நம்ம ஆஸ்பத்திரியிலதான் சேத்துருக்கு. எல்லாரும் வேண்டிக்கிடுங்க.' கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். நிவேதாவின் போட்டோவும் இருந்தது, ஏதோ விசேஷத்தில் எடுத்தது.

முத்துலட்சுமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நோயாளியின் ரகசியம் பற்றி ஊழியர்களுக்கு வகுப்பு எடுப்பது என் பொறுப்பு. அதில் எப்போதும் நன்றாகப் பதில் சொல்கிறவர் அவர்தான். கவுன்டரில் வந்து "நான் அந்தப் பிள்ளைக்குத் தாய்மாமன், என்ன வியாதின்னு எனக்குச் சொல்லாம யாருக்குச் சொல்லுவ?" என்று சத்தம் போட்டவரை, "மாமான்னா உக்காருங்க மாமா, காபி குடிங்க. வியாதிய மட்டும் பிள்ளைகிட்டயே கேட்டுக்கிடுங்க" என்று உட்கார வைத்தவர்.

அவரிடம் போய் நின்றேன்.

"ஏன் போட்டீங்க முத்துலட்சுமி?"

"என்னண்ணே இப்படிக் கேக்குறீங்க? வேண்டிக்கிடத்தானே சொன்னேன். ஊரான் வீட்டுப் பிள்ளையா அது, நம்ம பிள்ளை. அழகர்கோவில் கருப்பசாமிக்கு நேந்து மஞ்சத்துணியில காசு முடிஞ்சு வச்சிருக்கேன்."

"வேற யாரு மகளா இருந்தாலும் போட்டிருப்பீங்களா?"

"அதெப்படிப் போடுவேன்? அது பேஷன்ட் விஷயமுல்ல?"

அவர் கண் கலங்கிவிட்டது. உடனே அழித்துவிட்டார். அதற்குள் பார்க்க வேண்டியவர்கள் எல்லாரும் பார்த்துவிட்டார்கள். எங்கள் ஆம்புலன்ஸ் டிரைவரின் அக்கா மகள், நிவேதா போகும் அதே உசிலம்பட்டி ரோடு கல்லூரி பஸ்ஸில்தான் போகிறாள். டிரைவரும் வேண்டிக்கொள்ளச் சொல்லித்தான் வீட்டில் காட்டியிருக்கிறார்.

3. சாவிக்கொத்து

லீவு முடிந்து கல்லூரிக்குப் போன முதல் நாள் அவள் திரும்பி வந்தபோது நான் வீட்டில் இருந்தேன். பையை வைத்துவிட்டுச் சொன்னாள்.

"பஸ்ல ஜன்னலோரம் உக்கார விட மாட்டேங்குறாங்கப்பா. ரெண்டு பக்கமும் ஆளு. ஒருத்தி சாவிக்கொத்தக் கையிலேயே வச்சிருக்கா. நான் விழுந்தா குடுக்கணுமாம்."

"சாவியெல்லாம் குடுக்கக் கூடாதும்மா. ஒருக்களிச்சுப் படுக்க வச்சா போதும்னு சொல்லு."

"நான் எதுக்குப்பா சொல்லணும்? உங்க ஆஸ்பத்திரிதான் எல்லாத்தையும் சொல்லிருச்சே."

யாரும் அவளைக் கேலி செய்யவில்லை. அத்தனை பேரும் பிரியமாகத்தான் இருந்தார்கள். அந்தப் பிரியத்தில் அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால்கூட, மாத்திரையா என்று பத்துக் கண்கள் பார்த்தன. மதிய மாத்திரையை நிறுத்தினாள். பிறகு இரவு மாத்திரையையும் நிறுத்திவிட்டாள். எங்கள் முன்னால் வாயில் போட்டுக்கொண்டு, பின்கட்டில் துப்பியிருக்கிறாள். இது எங்களுக்குத் தெரிய வந்தது அவள் அடுத்த முறை விழுந்தபோதுதான். அப்போது அவள் அடுப்படியில் டீ இறக்கிக்கொண்டிருந்தாள். வலது முன்கை வெந்துவிட்டது. தண்ணீர் ஊற்றிக்கொண்டே என் மனைவி போட்ட சத்தம் இன்னும் எனக்குக் கேட்கிறது.

4. வேறு ஆஸ்பத்திரி

ஆட்டோவில் அவளுக்கு நினைவு தெளிந்தது. முதலில் கேட்டது இதுதான்: "எங்க போறோம்?"

எங்கள் ஆஸ்பத்திரிக்கு என்றேன்.

"அங்க வேணாம். அங்க போனா இறங்கிருவேன்."

ஆட்டோவைத் திருப்பச் சொன்னேன். என்னை யாருக்கும் தெரியாத இன்னொரு மருத்துவமனை. கைக்கு மருந்து போட்டுக் கட்டியபின் அங்கே இருந்த பெண் டாக்டர் எதிரில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார்.

"இதுக்கு முன்னாடி இப்படி வந்திருக்காம்மா?"

"இல்ல டாக்டர்."

"மாத்திரை ஏதாவது சாப்பிட்டிருக்கியா?"

"இல்ல."

டாக்டர் எழுதிக்கொண்டே போனார். நான் இத்தனை வருடம் கேஸ் ஷீட் படித்தவன். அந்த இரண்டு 'இல்லை'களால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மாத்திரையை நிறுத்தியதால் வந்த வலிப்பு, முதல்முறை வந்த வலிப்பு என்று பதிவாகும். வேறு மருந்து, வேறு அளவு. அடுத்து விழும்போது பக்கத்தில் அடுப்பு இருக்குமோ மாடிப்படி இருக்குமோ. வாயைத் திறந்தேன். நிவேதா என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் சொல்லியிருப்பேன். நீங்களுமா என்று கேட்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

"டாக்டர், எழுதினத அப்படியே முடிச்சிராதீங்க. நானும் அவ அம்மாவும் வெளிய நிக்கிறோம். நீங்க அவகிட்ட தனியாப் பேசுங்க" என்றேன். பிறகு அவளிடம், "பாப்பா, நீ இங்க சொல்றது இந்த ரூமோட இருக்கணும். இருக்குமான்னு டாக்டர்கிட்டயே கேளு. நம்பிக்கை வந்தா சொல்லு" என்றேன்.

வராண்டாவில் என் மனைவி என் சட்டையைப் பிடித்துவிட்டாள். "பிள்ள பொய் சொல்லுது, நீங்க எந்திரிச்சு வாரீங்க? உங்க சட்டதிட்டத்தத் தூக்கிக் குப்பையில போடுங்க." அவள் சொன்னதில் தப்பில்லை. கதவு திறக்காவிட்டால் நானே உள்ளே போய்ச் சொல்லியிருப்பேன். கதவையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

நெடுநேரம் கழித்து டாக்டர் எங்களை உள்ளே கூப்பிட்டார். மருந்துச் சீட்டை நிவேதாவின் கையில்தான் கொடுத்தார். மருந்துக் கடையில் அவள் அதை நீட்டியபோது மேலோட்டமாகப் பார்த்தேன். பழைய மாத்திரையின் பெயர்தான். சொல்லிவிட்டாள்.

இப்போது அந்த டாக்டரிடம் ரிவ்யூவுக்கு அவள் தனியாகத்தான் போகிறாள். தன் ஃபைலைத் தன் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறாள். கையில் தழும்பு போகவில்லை. நான் பணியில் இருக்கும்போது வீட்டு நம்பரிலிருந்து போன் வந்தால், கையில் இருக்கும் கேஸ் ஷீட்டைப் போட்டுவிட்டு முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு என் வகுப்பில் இப்போது முதலில் சொல்வது இதுதான். வெளியாள் கேட்டால் சொல்லாமல் இருக்க எல்லாருக்கும் தெரியும். நமக்கு வேண்டியவர் படுத்திருக்கும்போதுதான் கை போனுக்குப் போகும், விசாரிக்க, வேண்டிக்கொள்ள, ஆறுதல் சொல்ல. அன்றைக்கு அவர் நோயாளி, நீங்கள் வெளியாள். பெற்ற தகப்பனாக இருந்தாலும்.