தட்டுக்காரர் வாங்கிய கோப்பை

அச்சகத்தில் புரூஃப் பார்ப்பவருக்கு வாழ்க்கையில் இரண்டே வேலைகள். பகலெல்லாம் மற்றவர்கள் செய்த பிழைகளைச் சிவப்பு மையால் திருத்துவார். சாயங்காலம் வெள்ளைக் கால்சட்டையை மாட்டிக்கொண்டு டென்னிஸ் ஆடப் போவார். காசு வாங்கிக்கொண்டு ஆடுவது கௌரவக் குறைச்சல் என்று இருந்த காலம் அது. ஜெயித்தால் கோப்பை; இறுதியாட்டத்தில் தோற்றால் முலாம் பூசிய ஒரு தட்டு. அவர் வீட்டில் தட்டுக்குப் பஞ்சமே கிடையாது. ஒன்றில் பொத்தான்கள் கிடந்தன, ஒன்றில் துணி சோப்பு. ஒழுகும் குழாய்க்கடியில் ஒன்று நிரந்தரமாகக் குடியிருந்தது. கடைத்தெருவில் அவர் மனைவியைத் தட்டுக்காரர் வீட்டம்மா என்றுதான் சொன்னார்கள். அது அவள் காதிலும் விழுந்திருந்தது.

ஆட்டத்தில் அவரிடம் குறை சொல்ல முடியாது. குறையெல்லாம் மனசாட்சியில் இருந்தது. அந்தக் கிளப்பில் பழைய ஆட்டக்காரர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. நடுவர் தப்பாகச் சொல்லி நமக்கு ஒரு புள்ளி வந்துவிட்டால் அவரோடு மல்லுக்கு நிற்கக் கூடாது. வாயைத் திறக்காமல் அடுத்த பந்தை வேண்டுமென்றே வலையில் அடித்து நேர் செய்துவிட வேண்டும். மற்றவர்கள் முதல் சுற்றில் இதைப் பெருமையாகச் செய்வார்கள், இறுதியாட்டம் வந்ததும் வசதியாக மறந்துபோவார்கள். இவருக்கு அந்த மறதி வாய்க்கவில்லை. லேசாகச் சந்தேகம் தட்டினாலே பந்து வலையில் கிடக்கும். ஒவ்வொரு முறையும் வீடு வரும்வரை பேசாமல் வரும் மனைவி, கதவைச் சாத்தியதும் திட்ட ஆரம்பிப்பாள்.

நாற்பதைத் தாண்டி முழங்கால் முனக ஆரம்பித்த வருஷம் மறுபடியும் இறுதியாட்டத்துக்கு வந்தார். இதுதான் கடைசி என்று அவருக்கே தெரியும். எதிரே நின்றவன் அவர் மனைவியின் தம்பி. மருந்துக்கடை வைத்திருந்தான். வென்ற கோப்பைகளில் பஞ்சு அடைத்துக் கடையில் வைக்கிற அளவுக்கு அவனிடம் கோப்பைகள் இருந்தன.

அன்று பார்த்து, பந்து பின்கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று சொல்கிற நடுவருக்கு வயிறு சரியில்லை. கிளப் காரியதரிசி முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்தார். ஒரு பக்கம் புருஷன், ஒரு பக்கம் தம்பி; இதைவிட நடுநிலையான ஆள் கிடைக்காது என்று முடிவு கட்டி, அவளைக் கோட்டருகே நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டார்.

ஆட்டம் இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் புரூஃப்காரருக்கு ஜெயிக்க இன்னும் ஒரே புள்ளி வேண்டும் என்ற நிலை. மைத்துனன் ஓங்கி அடித்த பந்து அவரைத் தாண்டிப் போய்க் கோட்டிலேயே விழுந்தது. சுண்ணாம்புத் தூள் பறந்ததை அவர் திரும்பிப் பார்த்தார்; கோட்டில் பட்டால் உள்ளே என்றுதான் கணக்கு.

"வெளிய" என்றாள் மனைவி.

கைதட்டல் காதைப் பிளந்தது. காரியதரிசி கோப்பையோடு ஓடிவந்தார். அவரோ பந்தை எடுத்துக்கொண்டு அடுத்த புள்ளிக்கு ஆடப் போகிறவர் மாதிரி கோட்டில் போய் நின்றார். அப்போதுதான் உறைத்தது: ஆட்டமே முடிந்துவிட்டது, வலையில் அடிக்க அடுத்த பந்தே இல்லை. அத்தனை வருஷப் பழக்கத்தில் இப்படியொரு சிக்கல் வரும் என்று அவர் நினைத்ததே இல்லை.

வீட்டில் அவள் கோப்பையை மேசை நடுவில் வைத்தாள். அவர் சோற்றைத் தள்ளி வைத்தார்.

"அது உள்ள விழுந்த பந்து" என்றார்.

"தெரியும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் முகத்தில் கொஞ்சமும் சங்கடம் இல்லை.

"இத்தன வருஷம் நீங்க நல்லவரா இருந்தீங்க. ஒரு நாள் நான் கெட்டவளா இருந்துட்டுப் போறேன்னு நெனச்சேன்."

அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தனக்காக ஒருத்தி இப்படியெல்லாம் இறங்குவாளா என்றுதான் தோன்றியது. ஆனாலும் பிழை பிழைதானே. பார்த்துவிட்டுத் திருத்தாமல் விட அவருக்குத் தெரியாது.

காலையில் கோப்பையைத் தூக்கிக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனார். அவளும் கூடவே நடந்தாள். மைத்துனன் விஷயத்தைக் கேட்டு ஆச்சரியப்படவே இல்லை.

"எனக்கும் தெரியும் அத்தான். அக்கா சொன்னதுக்கு அப்புறம் நான் எங்க வாயத் திறக்கறது?"

கடையைப் பூட்டிவிட்டு மூன்று பேரும் மைதானத்துக்குப் போனார்கள். அந்தப் புள்ளியை அவனுக்குக் கொடுத்து, சமநிலையிலிருந்து ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். அவள் அதே நாற்காலியில் உட்கார்ந்து, இந்த முறை கண்ணால் பார்த்ததை மட்டும் சொன்னாள். புரூஃப்காரர் எந்தப் பந்தையும் வலையில் போடவில்லை. முழங்கால் போகட்டும் என்று உயிரைக் கொடுத்து ஆடினார். அப்படியும் தோற்றார். அவருடைய கடைசிப் பந்து கோட்டுக்கு ஒரு விரற்கடை தள்ளி விழுந்தது. அவள் அந்த இடத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, "வெளிய" என்றாள். குரல்தான் உடைந்துபோயிருந்தது.

கோப்பை மருந்துக்கடைக்குப் போய்ப் பஞ்சு சுமந்தது. முந்தின நாள் தோற்றவன் என்று மைத்துனனுக்குக் கிடைத்த தட்டு இவர்கள் வீட்டுக்கு வந்தது. அதில் அவள் பொத்தானும் போடவில்லை, சோப்பும் வைக்கவில்லை. ஆணி அடித்து முன்னறைச் சுவரில் மாட்டினாள். இது என்ன தட்டு என்று வருகிறவர்கள் கேட்டால், "அவர் ஜெயிச்சது" என்பாள்.